பெல்டன் ஐயரின் முடி

நவம்பர் 2, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு நடந்தது. விழாக் கமிட்டியில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது, "இது கோர்ட்டு ஜட்ஜு வைக்கிற முடியில்லா" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சொன்னது சரிதானா என்ற சந்தேகத்தில் வகுப்புக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். சரிதான். அதனால் தவறு இன்னும் பெரிதாகிவிட்டது.

இதை எழுதி முடித்துவிட்டு பெமிலா ஸ்கேல் வைத்து அடியில் ஒரு கோடு போட்டாள். கோடு லேசாகச் சாய்ந்ததுபோலத் தெரிந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அப்படிப்பட்ட பெண். பகலில் மார்த்தாண்டத்து ரெடிமேட் கடையில் பில் போடுவாள். சாயங்காலம் பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போய் நாடக உடுப்பு தைக்கும் வகுப்பில் உட்காருவாள். அங்கே என்ன படித்தாலும், அதைத் தான் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று வீட்டுக்கு வந்து நாட்குறிப்பிடம் கேட்பாள்.

பூவரசவிளை சபைக்கு அந்த டிசம்பரில் இருநூறு வயது நிறைகிறது. விழாவின் உச்சம் ஒரு நாடகம். பெல்டன் ஐயர் என்ற வெள்ளைக்கார மிஷனரி கப்பலில் வந்து இறங்குகிறார். மாட்டுவண்டியில் ஊருக்குள் நுழைகிறார். ஓலையில் சபையின் முதல் கோயிலைக் கட்டுகிறார். கடைசிக் காட்சியில் அவருடைய மனைவி, தோளை மூட உரிமையில்லாதிருந்த ஊர்ப் பெண்களுக்குக் குப்பாயம் தைத்துக் கொடுக்கிறார். குப்பாயம் என்பது கழுத்திலிருந்து இடுப்பு வரை தொளதொளவென்று விழும் கைவைத்த சட்டை. அந்தச் சட்டையைப் போட்டதற்காக அந்தக் காலத்தில் சந்தையில் அடி வாங்கிய பெண்கள் உண்டு. சபையில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் பேசுவதில்லை.

நாடகத்தில் பெல்டன் ஐயர் தலையில் வைப்பதற்காக, விழாக் கமிட்டித் தலைவர் சத்தியநேசன் சார் ஆன்லைனில் ஒரு பொய்முடி வரவழைத்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதைத் திறந்தாலும் பள்ளிக்கூடத்தைத் திறந்துவைப்பதுபோலத்தான் திறப்பார். பெட்டியைத் திறந்து முடியை உயர்த்திக் காட்டினார். இரண்டு பக்கமும் சுருள் சுருளாகத் தோள்வரை தொங்கும் வெள்ளை முடி. கூட்டம் கைதட்டியது. அப்போதுதான் பெமிலா அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

கைதட்டல் நின்றது.

"யாரது சொன்னது?" என்று சத்தியநேசன் சார் கேட்டார். குரலில் கோபம் இல்லை. காணாமற்போன ஆட்டைக் கண்டுபிடித்தவரின் சந்தோஷம் இருந்தது.

"நான்தான் சார். தெரியாம..."

"தெரிஞ்சுதான் சொல்லியிருக்கா. இந்தப் பிள்ளை நாகர்கோவில்ல உடுப்பு படிக்கா. கர்த்தரு ஏற்கனவே ஆளை ஆயத்தம் பண்ணி வச்சிருக்காரு. ஜெபிப்போம்."

பெமிலா கண்ணை மூடினாள். திறந்தபோது அவள் கேசப் பொறுப்பாளர்.

இது பூவரசவிளை சபையின் பழைய வழக்கம். ஒரு குறையை யார் சொல்கிறாரோ, அந்தக் குறைக்கு அவரே பொறுப்பு. ஜெபம் பண்ணி ஆமென் சொல்லியாகிவிட்டால் பிறகு அதைப் பிரிக்க முடியாது. கோயிலின் நடு மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது என்று அனில்குமார் என்பவர் இளவயதில் ஒருமுறை சொன்னார். அவர் இப்போது பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறார். மின்விசிறி இன்னும் அவர் பொறுப்பில்தான் சத்தம் போடுகிறது. இந்த வழக்கத்தின் பலனாக, சபையில் பல வருடங்களாக ஒரு குறையும் இல்லை. போன வருடம் மேலிடத்திலிருந்து சபைகளை ஆய்வு செய்ய வந்தவர்கள், இப்படிக் குறையே இல்லாத ஒரு சபையைத் தாங்கள் கண்டதில்லை என்று சொல்லி ஒரு கேடயம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாளே 'வரலாற்று உடை துல்லிய உபகுழு' அமைந்தது. சத்தியநேசன் சார் தலைவர். சுந்தரராஜ் மாமா செயலாளர். மணல் ஆலையில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவர். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் குளோரி அக்கா. நான்காவது ஆள் பெமிலா. உபகுழு வாரத்தில் இரண்டு சாயங்காலம் கூடும். அந்த இரண்டும் அவளுடைய வகுப்பு நாட்கள்.

அவளுக்கு வகுப்பு சும்மா பொழுதுபோக்கு அல்ல. நவம்பர் 28, வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறுதிச் செய்முறைத் தேர்வு. பழங்காலத்து உடுப்பு ஒன்றை ஆதாரங்களோடு ஆராய்ந்து, சொந்தக் கையால் தைத்து, ஒரு ஆளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். வருடத்துக்கு ஒருமுறைதான். தேறினால், நாட்டிய நாடகங்களுக்கு உடுப்பு தைக்கும் திருவனந்தபுரத்துப் பட்டறையில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தவறினால் இன்னொரு வருடம் பில் மெஷினின் கிர் கிர் சத்தம். பெமிலா தேர்வுக்கு எடுத்துக்கொண்டது குப்பாயம். துணி வெட்டியாகிவிட்டது. கை இணைப்பு பாக்கி.

அவள் சுந்தரராஜ் மாமாவைத் தேடிப் போய், பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்று கேட்டாள்.

"விலகலாம் மக்கா. வேண்டாம்னு யாரு சொன்னா?" என்று அவர் அன்பாகச் சொன்னார். "கடிதம் எழுதிக் கொடு. உபகுழு கூடி அதை எடுக்கும். ஆனா கூடணும்னா கோரம் வேணும், குறைஞ்சது இத்தனை பேருன்னு ஒரு கணக்கு. கோரம் நாலு பேரு."

"உபகுழுவே நாலு பேருதான மாமா?"

"அதான் சொல்லுதேன். நீயும் வரணும்."

"நான் வந்து இருந்துகிட்டே விலகலாமா?"

"வந்து கையெழுத்துப் போட்டவ எப்பிடி விலகினவ ஆவா? பதிவேட்டுல பேரு இருக்குல்லா."

"அப்ப வராம இருந்தா?"

"கோரம் இல்ல. கூட்டம் தள்ளிப் போவும். உனக்க கடிதமும் கூடவே தள்ளிப் போவும்." அவர் சற்று யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி உண்டு. முடியில வேற யாராவது குறை சொல்லணும். சொன்னா பொறுப்பு அந்த ஆளுக்குப் போயிரும். ஆனா ஒண்ணு கேட்டியா, அந்த ஆளு நான் இல்ல."

பெமிலா முதலில் நேர்வழியில்தான் முயன்றாள். வகுப்பு நூலகத்தில் ஒரு புத்தகம், வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் இணையதளங்கள், பழைய ஓவியங்கள் என்று மூன்று நாள் தேடி, படங்களைப் பிரின்ட் எடுத்து, பக்க எண் போட்டுக் கொண்டுபோனாள். பெல்டன் ஐயர் வந்த காலத்தில் அவருடைய நாட்டிலேயே பொய்முடி வழக்கம் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஆண்கள் சொந்த முடியைக் குட்டையாக வெட்டி நெற்றிப் பக்கம் வாரிவிட்டார்கள். கன்னத்தில் கிருதா வைத்தார்கள். ஆகவே ஐயருக்குப் பொய்முடியே வேண்டாம். ஐயராக நடிக்கும் ஜெனித் அண்ணனை நல்ல முடிவெட்டும் கடைக்கு ஒருமுறை அனுப்பினால் போதும்.

உபகுழு படங்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது.

"இந்தப் படத்துல இருக்கது பெல்டன் ஐயரா?" என்று சத்தியநேசன் சார் கேட்டார்.

"இல்ல சார். அதே காலத்து ஆளு."

"அதே காலத்துல எவ்வளவோ பேரு இருந்திருப்பாவ. எனக்க காலத்துலயும் நிறைய பேரு இருக்காவ. எல்லாரும் சத்தியநேசன் ஆயிர முடியுமா?"

முடியாது என்று பெமிலா ஒப்புக்கொண்டாள்.

"ஆதாரம்னா அது ஐயருக்க சொந்தப் படமா இருக்கணும். அப்பிடி ஒரே ஒரு படம்தான் உலகத்துல உண்டு. எழும்புங்க."

எல்லோரும் எழுந்து கோயிலின் பக்கத்து அறைக்குப் போனார்கள். அங்கே சுவரில் பெல்டன் ஐயரின் எண்ணெய் ஓவியம் தொங்கியது. நடு வகிடெடுத்து, காதுக்குப் பின்னால் அலையலையாக இறங்கி, எண்ணெய் மினுக்கோடு தோளில் தங்கும் முடி. கறுப்பு முடி. கொஞ்சம் மீசையும் உண்டு.

"நூற்றைம்பதாவது விழாவுக்கு வரைஞ்ச படம்" என்றார் சார். "வரைய வந்தவனுக்கு ஐயருக்க முகம் தெரியாது. அவனுக்கு மட்டுமா, யாருக்கும் தெரியாது. அப்ப எங்க அப்பாதான் பொருளாளர். சபைக்காக அவிய நாற்காலியில உக்காந்து கொடுத்தாவ. நிறம் மட்டும் அவன் கொஞ்சம் வெளுப்பா அடிச்சான். ஆனா நான் ஒண்ணு சத்தியமாச் சொல்லுதேன். அந்த முடி அசல் முடி. சின்ன வயசுல என் கையால நான் அதுல எண்ணெய் தேய்ச்சு விட்டிருக்கேன்."

அவர் கண் கலங்கியது. சுந்தரராஜ் மாமா, 'ஐயரின் கேசத்துக்கு நேரடிச் சாட்சி பதிவு செய்யப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் பெமிலா கோட்டாற்றுக்குப் போனாள். ஜவுளிக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் இடையே ஒரு மாடியில் பகவதியப்பன் நாடக உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிறார். கோயில் கொடைகளும் பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களும் அவரை நம்பித்தான் நடக்கின்றன. கயிற்றில் வரிசையாகத் தலைமுடிகள் தொங்கின.

"வெள்ளைக்காரன் முடி ஒண்ணு இருந்து பிள்ளே" என்றார் அவர். "சுதந்திர தினத்துக்கு ஒரு ஸ்கூல்காரன் கொண்டுபோனான். துரையைத் துரத்துற காட்சியில பிள்ளைக நெசமாவே முடியைப் பிடிச்சு இழுத்துப் பிச்சுப் போட்டுட்டுவ. இப்ப கிருஷ்ணன் உண்டு, சிவன் உண்டு, ராவணன் உண்டு, முனிவர் உண்டு, பாட்டி உண்டு. எது வேணும்?"

"மிஷனரி."

"அவரு யாருக்கப் பக்கம் வருவாரு? முனிவரா, ராஜாவா?"

பெமிலா போனில் எடுத்துவைத்திருந்த ஓவியத்தைக் காட்டினாள். பகவதியப்பன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கயிற்றிலிருந்து கிருஷ்ணனை இறக்கிக் கொடுத்தார். அச்சு அசல் அதே முடி. மயிலிறகு சொருகும் இடத்தை மட்டும் தைத்து மூட வேண்டியிருந்தது.

உபகுழு அதை ஒருமனதாக ஏற்றது. முடியின் வாடகையை மஸ்கட்டில் இருக்கும் ஷிஜின் என்ற அன்பர் ஏற்றார். அவருக்கு ஒரே ஒரு சிறு விருப்பம். கோயிலில் விசிறி, பெஞ்சு, டியூப் லைட் எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் இருக்கிறதல்லவா? முடியிலும் இருக்க வேண்டும். பின்பக்கம் எழுதினால் சபையார் பார்க்க முடியாது. மஸ்கட்டில் நேரலையிலும் தெரியாது. ஆகவே நெற்றிக்கு மேலே, வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால், 'அமரர் தங்கசாமி நினைவாக - ஷிஜின், மஸ்கட்' என்று தைப்பது என்று முடிவாயிற்று. பெமிலா தைத்தாள். எழுத்து கோணக் கூடாதே என்று இரண்டு முறை பிரித்துத் தைத்தாள். குப்பாயத்தின் கை இணைப்பு அப்படியே கிடந்தது.

அன்றைக்கு நாட்குறிப்பில் அவள் எழுதினாள்: 'என்னால் ஒரு காரியத்தை மோசமாகச் செய்ய முடியவில்லை. இதுவும் ஒரு குறையோ? யாரிடமும் சொல்ல வேண்டாம்.'

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. குறை சொல்ல ஆள் இல்லை என்றால், குறையைப் பெரிதாக்க வேண்டும். கண்ணுள்ள எவரும் வாய் திறக்காமல் இருக்க முடியாத அளவுக்கு.

கிருஷ்ணனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாட்டியை வாங்கி வந்தாள். நரைத்த முடி, பின்னால் உருண்டைக் கொண்டை, கொண்டையில் ஒரு ஊசி. ஷிஜினின் பெயர்த்துணியை அதில் மாற்றித் தைத்தாள். ஜெனித் அண்ணன் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். ஆறடி உயரம், உடற்பயிற்சி செய்த தோள், கறுத்த தாடி, மேலே கொண்டை.

உபகுழு அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தது.

"அடக்கமா இருக்கு" என்றார் குளோரி அக்கா.

"ஊழியக்காரருக்கு அடக்கம்தான அழகு" என்றார் சுந்தரராஜ் மாமா.

அடுத்த கூட்டத்துக்குப் பெமிலா சிவனைக் கொண்டுவந்தாள். பிறையைக் கழற்றிவிட்டிருந்தாள். பிறை இருந்த துளையை மறைக்கும்படி அமரர் தங்கசாமியின் பெயர் வந்தது. சடைகள் இடுப்புவரை தொங்கின. உச்சியில் ஒரு கட்டு கோபுரம்போல நின்றது.

சத்தியநேசன் சாரின் வாய் திறந்தது. பெமிலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வாய் மூடியது. பிறகு நிதானமாகத் திறந்தது.

"கப்பல்ல ஆறு மாசம் வந்தவருல்லா" என்றார். "முடி இப்பிடித்தான் ஆவும்."

"கப்பல்ல ஏது எண்ணெய்?" என்றார் சுந்தரராஜ் மாமா.

"கரையில இறங்கின பிறகு கொஞ்சம் எண்ணெய் தேய்க்கலாம்" என்று சார் தீர்மானித்தார். "அப்ப அப்பாக்க முடிக்கும் பொருந்தி வரும். இருபத்தெட்டாந் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறுதிப் பார்வை. நாலு பேரும் கண்டிப்பா வரணும்."

"சார், அன்னைக்கு எனக்குப் பரீட்சை" என்றாள் பெமிலா. "இதை விட்டா அடுத்த வருஷம்தான்."

"பரீட்சை எப்ப?"

"ஆறரைக்கு. நாகர்கோவில்ல."

"நாம நாலு மணிக்குக் கூடுவோம். ஜெபிப்போம்."

பூவரசவிளையில் நாலு மணி என்றால் ஐந்தரை என்பது பெமிலாவுக்குத் தெரியும். அவள் ஜெனித் அண்ணனை வாசலில் மறித்தாள்.

"அண்ணா, அந்தச் சடை அரிக்கல்லியா உங்களுக்கு?"

"அரிக்காமயா? மண்டை தீயுது."

"அப்ப கூட்டத்துல அதை ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"ஏட்டி, என்னை மாட்டி விடப் பாக்கியா?" ஜெனித் அண்ணன் பின்வாங்கினார். "போன வருஷம் அசன விருந்துல, சாம்பாருக்கு உப்பு காணாதுன்னு தெரியாமச் சொல்லிட்டேன். இந்த வருஷம் ஊரு முழுக்க நான்தான் உப்பு. இதுல முடி வேறயா? சாவேன், சொல்ல மாட்டேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. பெமிலா கடையில் பாதி நாள் விடுப்பு எடுத்து, கை இணைப்பை முடித்து, குப்பாயத்தை இஸ்திரி போட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். உடன் படிக்கும் ஷைஜா அதை அணிந்து நிற்க ஒத்துக்கொண்டு, வகுப்பில் காத்திருந்தாள். உபகுழு ஐந்து மணி தாண்டித்தான் கூடியது. பாட்டு, ஆரம்ப ஜெபம், போன கூட்டத்தின் நடவடிக்கை வாசிப்பு, அதன்மேல் நன்றி, அந்த நன்றிக்கு நன்றி. பெமிலா பையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நகரும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெனித் அண்ணன் சடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். எண்ணெய் தேய்த்த சடையைக் காய்வதற்காக அவர் மத்தியானம் முழுக்கக் கோயில் மாமரத்துக் கிளையில் தொங்கவிட்டிருந்தார். அந்த மரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை யோசிக்கவில்லை. சத்தியநேசன் சார், "ஆஹா" என்று தொடங்கியபோது ஜெனித் அண்ணனின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"எம்மா! கடிக்குதே! இதுக்குள்ள என்ன எளவு கெடக்கு!"

சடை கழன்று தரையில் விழுந்தது. அதிலிருந்து செவ்வெறும்புகள் நாலாபக்கமும் புறப்பட்டன.

சாரின் முகம் மலர்ந்தது. "குறை வந்தாச்சு" என்றார்.

"குறை இல்ல சார், முசுறு! முசுறு கடிக்கி!"

"முசுறும் குறைதான் மக்கா. எழுதிக்கிடும் வேய், கேசப் பொறுப்பாளர் ஜெனித்."

ஜெனித் அண்ணன் உச்சந்தலையைச் சொறிந்துகொண்டே பெமிலாவைப் பார்த்த பார்வையை அவளால் எதிர்கொள்ள முடியவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு கதவு திறந்தது. முடிவு ஜெபம் ஒன்றுதான் பாக்கி. ஆமென் என்று சொல்லிவிட்டால் அவள் எதற்கும் பொறுப்பில்லை. ஓடினால் பஸ் கிடைத்துவிடும்.

"ஒரு நிமிஷம்" என்றார் குளோரி அக்கா. "பெண்டுகளுக்கக் காட்சி பாக்கி இருக்கு."

அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். பீச் நிறத்தில் ஒரு ஜாக்கெட். பலூன்போல ஊதிய கை, சரிகை ஓரம், முதுகில் முடிச்சு, முடிச்சிலிருந்து தொங்கும் இரண்டு குஞ்சம்.

"சங்கத்துல அறுபது பேரும் இதையே தைக்கப் போறோம். இதைப் போட்டுட்டு வரிசையா வந்து நிப்போம். ஐயரம்மா ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டுக் குப்பாயம் கொடுப்பாவ. நாங்க அழுதுகிட்டே வாங்கி, இதுக்கு மேலயே போட்டுக்குவோம். ரெண்டும் போட்டோவுல தெரியணும்."

"இதுக்கும் ஆதாரப் படம் கேக்கணுமா சார்?" என்று சுந்தரராஜ் மாமா பேனாவைத் தூக்கினார்.

"துல்லியம் எல்லாம் ஐயருக்குத்தான் வேய்" என்றார் சத்தியநேசன் சார். "நமக்கப் பெண்டுகளுக்கு மரியாதை போரும். அந்தக் காலத்துல அவிய எப்பிடி நின்னாவன்னு இப்ப எதுக்குக் காட்டணும்? விழாவுக்கு வாற விருந்தாளிக என்ன நினைப்பாவ? ஐயரு கொடுத்தாரு, நாம வாங்கினோம். அது போரும் வரலாறு. எதுக்கு வாங்கினோம்னு நம்ம பிள்ளைகளுக்குத் தெரியவே வேண்டாம்."

கோயிலுக்குள் அனில்குமாரின் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது.

பெமிலா தன் பையைப் பார்த்தாள். இத்தனை வாரமாக அந்தக் குப்பாயத்தின் ஒவ்வொரு தையலையும் போடும்போது, இதைப் பிடித்து இழுத்தால் எங்கே முதலில் கிழியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தோளில்தான். தெரிந்தே அங்கே இரட்டைத் தையல் போட்டிருந்தாள். அப்படிப் போட்டது ஆதாரப்படி சரியா என்று சந்தேகம்கூடப் பட்டிருந்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். திருவனந்தபுரம், பட்டறை, ஆறரை மணி.

"அக்கா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அக்கா, ஜாக்கெட் இல்லாதவளுக்குத்தான் ஜாக்கெட் கொடுக்க முடியும்."

"அப்ப என்னட்டி, எங்கள அப்பிடியே வந்து நிக்கச் சொல்லுதியா?"

"இல்லக்கா. எப்பிடிக் காட்டணும்னு எனக்கும் முழுசாத் தெரியல்ல. தோளு தெரியுற மாதிரி ஒரு முரட்டு முண்டு சுத்தி, தலை குனிஞ்சு நின்னாப் போரும்னு தோணுது. குப்பாயம் போட்ட பிறகு நிமிந்து பாக்கணும். அவ்வளவுதான். ஆனா இந்தப் பலூன் கையோட நின்னா, அவங்க எதுக்கு அடி வாங்கினாங்கன்னே தெரியாமப் போயிரும்."

குளோரி அக்கா பீச் ஜாக்கெட்டை மெதுவாக மடித்தார். குஞ்சங்களை உள்ளே வைத்து மடித்தார்.

"குறை வந்தாச்சு" என்றார் சத்தியநேசன் சார், சற்றுக் களைப்போடு. "அறுபது குப்பாயத்துக்கும் பொறுப்பாளர் பெமிலா. ஜெபிப்போம்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். சாரின் முடிவு ஜெபம் வானமும் பூமியும் உண்டான நாளிலிருந்துதான் தொடங்கும். ஜலப்பிரளயம் வருவதற்குள் பஸ் போய்விடும் என்று பெமிலாவுக்குத் தெரிந்தது. அவள் மூடிய கண்ணுக்குள் இருந்துகொண்டு, மிகவும் முறையாக யோசித்தாள். இப்போது போனால் அது குறை. அந்தக் குறையை யாராவது சொல்ல வேண்டும். சொல்பவர், காணாமற்போன பெமிலாவுக்குப் பொறுப்பாளர் ஆவார். அதோடு, ஜெபத்தில் கண் திறந்து பார்த்த குறைக்கும் அவரே பொறுப்பு. இதில் எங்காவது தவறு இருக்கிறதா என்று இன்னொரு முறை சரிபார்த்தாள். இல்லை.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

எதிரே குளோரி அக்காவின் கண்ணும் திறந்திருந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெமிலா பையை எடுத்தாள். எழுந்தாள். கதவைத் தள்ளியபோது கீல் கிறீச்சிட்டது. அதே கணத்தில் குளோரி அக்கா தொண்டை கிழிய, "ஸ்தோத்திரம்!" என்றார். ஜெபத்துக்கு நடுவில் அவர் அப்படிச் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சார் அதனால் உற்சாகமாகி ஆபிரகாமுக்குள் நுழைந்தார்.

பெமிலா ஓடினாள்.

தேர்வுக்கூடத்தில் ஷைஜா குப்பாயத்தைப் போட்டு நின்றாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தையலைப் பார்த்தார். ஆதாரம் எங்கே என்று கேட்டார். பெமிலா தாள்களைக் கொடுத்தாள்.

"ஆம்பளைங்க படம் நிறைய கிடைச்சுது மேடம். இந்தப் பெண்கள் படம் ரொம்பக் குறைவு. தெரிஞ்சதைத் தெரிஞ்சதுன்னு எழுதியிருக்கேன். ஊகத்தை ஊகம்னு எழுதியிருக்கேன். தோள்ல இரட்டைத் தையல் ஊகம்."

"எதுக்கு இரட்டைத் தையல்?"

"இழுத்தா கிழியக் கூடாதுன்னு."

தேர்வாளர் தோள் தையலை விரலால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "இடது கை இணைப்புல ஒரு சுருக்கு விழுந்திருக்கு, பாத்தியா?" என்றார்.

பெமிலா பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. குறை சொன்னவரை யாரும் எதற்கும் பொறுப்பாக்கவில்லை. அவர் தாளில் எதையோ எழுதிவிட்டு, தன்பாட்டுக்கு அடுத்த மேசைக்குப் போனார்.

நவம்பர் 28, வெள்ளி. செய்முறை முடிந்தது. இடது கை இணைப்பில் சுருக்கு விழுந்தது உண்மை; அவசரத்தில் போட்டது. முடிவு ஜனவரியில். சுந்தரராஜ் மாமா இன்றைய நடவடிக்கையை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்: 'ஜெபம் முடியும்வரை நால்வரும் இருந்து சிறப்பித்தனர்.' யாரும் மறுக்கவில்லை. குளோரி அக்கா கை கூப்பிய படம் ஒன்று போட்டிருக்கிறார். பிறகு தனியாக எனக்கு மட்டும் அனுப்பியது: 'காலையில வா. ஆளுகளக் கூட்டி வைக்கேன்.'

நாளை: கடைக்குப் போகுமுன், குளோரி அக்கா வீட்டில் தொடங்கி, அறுபது பேருக்கும் தோள் அளவு எடுக்க வேண்டும்.